வண்டல் யாருடைய துறை?

ராசிங்காபுரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போகிறவர்களுக்கு, மழையில் மலை கரைவது ஒரு செய்தியே அல்ல. ரோட்டில் சரிந்து கிடக்கிற மண்ணைத் தாண்டித்தான் வேலைக்குப் போகணும். அந்த மண் அப்புறம் எங்கே போகிறது? போடிக்கு மேலே குரங்கணிச் சரிவுகளில் இறங்குவது கொட்டகுடி ஆற்றில் சேர்ந்து, போடி நகரத்துச் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு, தேனிப் பக்கம் வைகையில் கலந்து, வைகை அணையில் போய் உட்காருகிறது. மண்ணும் அழுக்கும் சேர்ந்தே செய்கிற பயணம். அரசு இதை ஒன்றாகப் பார்த்ததேயில்லை என்பதுதான் நாம் பேச வேண்டிய வரலாறு.

காலனியத்துக்கு இந்தச் சரிவு ஒரு சரக்குப் பாதை. 1902இல் மூணாறுப் பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப்பாதையில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோயிற்று. அந்த வெள்ளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் ரயிலைத்தான் எழுதுகிறார்கள். காட்டை அழித்த மலையிலிருந்து இறங்கிய மண்ணை அல்ல.

சமவெளியில் கதை வேறு. கண்மாய் வற்றியதும் கரம்பை அள்ளி வயலில் அடிப்பார்கள். வண்டல் அங்கே உரம். இதைக் காட்டிக் குடிமராமத்தைப் பொற்காலமாக்கும் சூழலியல் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் அதைச் சட்டமாக்கியபோது அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். யார் முதுகில் சுமந்து யார் வயலில் கொட்டியது என்று கேட்காமல் 'சமூகம் பராமரித்தது' என்று சொல்வது சாதியைச் சொல்லாமல் விடுவதுதான். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது: மண் எங்கே சேர்கிறது, எப்போது அள்ளணும் என்ற அறிவு அள்ளியவர்களிடமே இருந்தது.

1959இல் அது கைமாறியது. 71 அடி வைகை அணை வந்தது அந்த ஆண்டு. சிறுகனிமச் சலுகை விதிகள் வந்ததும் அதே ஆண்டுதான். தற்செயல்தான். ஆனால் அணை வண்டலைத் தடுத்து நிறுத்த, விதிகளோ வண்டலை 'கனிமம்' ஆக்கின. பிறகு கரம்பை அள்ள அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது.

தண்ணீரின் தரத்துக்கு 1974இல் மத்தியச் சட்டம் வந்தது. 1982இல் இங்கே மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். வாரியத்துக்கு ஆறு என்பது பாட்டிலில் பிடித்த மாதிரி நீர். சரிவில் அடிக்கிற பூச்சிமருந்தில் ஒரு பகுதி களித்துகளில் ஒட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. பாட்டிலில் தெளிந்திருக்கும் நீர் அதைக் காட்டிக்கொடுக்காது. அடியில் படிந்தது அணைக்காரர் பாடு, மணல் கனிமவளத்துறை பாடு, சாக்கடை நகராட்சி பாடு. இதன் விளைவை மதுரையில் பார்க்கலாம். மேலிருந்து புது மணல் வராது, இருந்த மணலையும் அள்ளியாயிற்று. வடிகட்ட மணலில்லாத ஆற்றில் சாக்கடை அப்படியே நிற்கிறது. ஸ்மார்ட் சிட்டி இரு கரையிலும் சுவர் எழுப்பிக் கொடுத்தது.

2017 ஏப்ரலில் ஆவியாவதைத் தடுக்க அணை நீரில் தெர்மகோல் மிதக்கவிட்டார்கள், காற்று கரையில் ஒதுக்கியது. எல்லோரும் சிரித்தோம். அடியில் கிடக்கிற வண்டலைப் பற்றி, சிரித்த நாமும் பேசவில்லை. 2021இல் பொதுப்பணித்துறையிலிருந்து நீர்வளத்துறையைப் பிரித்தார்கள்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் செத்தார்கள். விவாதமெல்லாம் மலையேற்ற அனுமதியைச் சுற்றியே நடந்தது. புல் எரிந்த அந்தச் சரிவில் அடுத்த மழை எவ்வளவு மண்ணைக் கொட்டகுடிக்கு இறக்கியது என்று தெரிந்துகொள்ள எந்த ஆபீஸ் படியேறுவது? வனத்துறையா, அணைக்கரையா, போடி நகராட்சியா?