வென்றவர் விட்டுக்கொடுத்தது

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில், தாமரைக் குளத்தை அடுத்த ஐயனார் கோயிலருகே படியேறினால் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தை அடையலாம். பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றின்கீழ் வட்டெழுத்துகளும் அங்கே உள்ளன. இவை ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை. உருவ வழிபாடு நம் நெறியன்று. எனினும் அம்மலையில் உறைந்த துறவியர் போற்றிய ஓர் ஒழுக்கம் நம் சிந்தனைக்கு உரியது.

சமணத் துறவியர்க்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் பாஷா சமிதி என்பது ஒன்று. நடக்கையில் சிற்றுயிரை மிதித்துவிடாதிருக்கக் கால் காட்டும் கவனத்தை, பிறர் மனத்தை மிதித்துவிடாதிருக்க நாவும் காட்டவேண்டும் என்பதே அதன் கருத்து. சொல் உண்மையாயிருந்தால் மட்டும் போதாது. அது காயப்படுத்தாமலும் இருத்தல் வேண்டும்.

இச்சமண மரபின் சாயல் காந்தியடிகளிடம் படிந்திருந்தது. 1891இல் பம்பாயில் அவர் சந்தித்த ராஜ்சந்திரர் சமண சமயத்தவர், வைர வணிகர். தென்னாப்பிரிக்காவிலிருந்து தம் சமய ஐயங்களைக் காந்தி எழுதிக் கேட்டதும் அவரிடமே.

காந்தி 1893இல் அங்குச் சென்றது நம்மவர் ஒருவரின் வழக்குக்காகத்தான். போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகர் தாதா அப்துல்லா, பிரிட்டோரியாவிலிருந்த தையப் ஹாஜி கான் முஹம்மதின் மீது 40,000 பவுன் கோரி வழக்குத் தொடுத்திருந்தார். இருவரும் ஒரே ஊரார், உறவினர். வழக்கு நீள நீள வழக்கறிஞர் செலவு பெருகியது. பகையும் உடன் வளர்ந்தது. தம் கட்சிக்காரர் பக்கம் நியாயம் வலுவாயிருப்பதை அறிந்தும், இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கவைத்தார் காந்தி. தாதா அப்துல்லா வென்றார். ஏறத்தாழ 37,000 பவுனும் செலவுத்தொகையும் அவருக்குச் சேரவேண்டுமென முடிவாயிற்று.

உண்மையான சோதனை அதன் பின்னரே தொடங்கியது. அத்தொகையை ஒரேயடியாகச் செலுத்தினால் தையப் சேட் திவாலாக நேரும். அக்காலத்து மேமன் வணிகர்க்கோ திவால் என்பது மரணத்தினும் கொடிது. நீண்ட காலத் தவணைகளில் பெற்றுக்கொள்ளுமாறு வென்றவரை வேண்டினார் காந்தி. மத்தியஸ்தத்துக்கு இருவரை இசைவித்ததைவிட, வென்ற ஒருவரை இதற்கு இசைவித்தது கடினமாயிருந்ததாக அவரே தம் சுயசரிதையில் குறித்துள்ளார். தாதா அப்துல்லா இறுதியில் இசைந்தார். கடன் நின்றது; மானமும் நின்றது. ஊரார் மதிப்பில் இருவருமே உயர்ந்தனர்.

இஃது நமக்குப் புதிய பாடமன்று. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபியாவில் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்களை ‘அல்லாஹ்வின் தூதர்’ எனக் குறித்ததற்குக் குறைஷியரின் தூதுவர் ஸுஹைல் மறுப்புத் தெரிவித்தார். அச்சொல்லை அழிக்க அலி (ரலி) அவர்களின் கை எழவில்லை. அண்ணலாரோ தாமே அதனை அழித்து, ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என எழுதச் செய்தார்கள். எழுத்து அழிந்ததால் தூதுத்துவம் அழிந்துவிட்டதா? இல்லை. போர் ஓய்ந்தது; வழி திறந்தது.

உண்மை தம் பக்கம் இருப்போர் விட்டுக்கொடுப்பதாலேயே சமரசம் பிறக்கிறது. இல்லாதவன் எதை விட்டுக்கொடுப்பான்?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் சமரச மையம் தொடங்கப்பட்டது. 2023இல் நாடாளுமன்றம் சமரசத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நம் மஹல்லாக்களில் ஜமாஅத்துப் பெரியோர் முன் அமர்ந்து பேசித் தீர்க்கும் மரபும் உண்டு. ஆயினும் வாப்பா விட்டுச்சென்ற வீட்டுக்காக உடன்பிறந்தார் ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கு இழுக்கும் காட்சி குறையவில்லை. பாகம் எவ்வளவு என்பதை மார்க்கம் வரையறுத்துவிட்டது. அதைக் கேட்கும் குரலையும், பெறும் காலத்தையும் நம்மிடமே விட்டிருக்கிறது. தங்கைக்குரியதைக் குறைக்காமல் கொடுப்பது கடமை. நொடித்த தம்பிக்குத் தவணை தருவது பெருந்தன்மை. இவ்விரண்டும் உள்ள வீட்டில் வழக்குக்கு வேலையில்லை.