பூனை வீட்டுக்குள் மூத்திரம் பீய்ச்சுவது ஏன்? நிறுத்துவது எப்படி?

பூனை வளர்ப்பவர்கள் விருந்தினரிடம் சொல்லக் கூச்சப்படும் தொல்லை ஒன்று உண்டு. நன்கு பழகிய பூனை, மணல் பெட்டி இருக்கும்போதே, சுவரிலும் சோபாவின் முதுகிலும் மூத்திரத்தைப் பீய்ச்சுவதுதான் அது. வட அமெரிக்காவில் பூனைகளைக் காப்பகத்தில் விட்டுவிடுபவர்கள் சொல்லும் முக்கிய காரணங்களில் வீட்டை அசுத்தமாக்குவதும் ஒன்று. பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காக ஒரு பிராணி தன் வீட்டை இழக்கிறது. இது பற்றிப் படித்தவற்றையும், ரொறன்ரோவில் எங்கள் வீட்டுக் கடுவனோடு பட்ட பாட்டில் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பெய்வதும் பீய்ச்சுவதும்

இரண்டும் வேறு வேறு. சிறுநீர் கழிக்கும் பூனை குந்தியிருந்து, தரையில் நிறையப் பெய்யும். அடையாளமிடும் பூனை நின்றபடி, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி, வாலை நிமிர்த்தி நடுக்கிக்கொண்டு, சிறிதளவே பீய்ச்சும். முதலாவது நடந்தால் மணல் பெட்டியிலோ உடல்நலத்திலோ குறை இருக்கலாம். இரண்டாவது, பூனை தன் இனத்துக்கு எழுதும் கடிதம்.

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப் பூனை. நம் சங்கப் பாடல்களில் வரும் வெருகைப் போலவே அதுவும் தனித்து வேட்டையாடுவது. சண்டையிட்டுக் காயப்படுவதைவிட, மணத்தை விட்டுச் சென்று மற்றவற்றை விலக்கி வைப்பதே அதற்கு இலாபம். பூனையின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் உண்டு. அது சிதையும்போதுதான் அந்த வீச்சம் எழுகிறது. நலமடிக்காத கடுவனிடம் இது மிக அதிகம்.

பயந்த பூனையும் இதையே செய்கிறது. தன் மணம் சுற்றிலும் இருந்தால் அதற்குக் கொஞ்சம் ஆறுதல். ஆகவே இது பழிவாங்கல் அல்ல. அடித்தால் பயம் கூடும். பயம் கூடினால் பீய்ச்சலும் கூடும்.

முதலில் மிருக வைத்தியர்

சிறுநீர்ப்பை அழற்சி, கற்கள், தொற்று ஆகியவையும் பூனையை நிலைகுலைய வைக்கும். கடுவன் அடிக்கடி முக்கியும் மூத்திரம் வரவில்லையென்றால், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பாதை அடைபட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடலாம்.

நலமடிக்காத பூனையானால் அதைச் செய்துவிடுங்கள். பெரும்பாலான கடுவன்கள் அதோடு நிறுத்திவிடும். ஆனாலும் நலமடித்த கடுவன்களில் சுமார் 10 விழுக்காடும், கருத்தடை செய்த பெட்டைகளில் சுமார் 5 விழுக்காடும் பீய்ச்சுவதாக 1984இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. எங்கள் கடுவன் அந்தப் பத்தில் ஒருவன்.

காரணத்தைத் தேடுதல்

எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். யன்னலடியிலும் வாசல் கதவிலும் என்றால் வெளியே வரும் பூனைதான் காரணமாக இருக்கும். புதிதாக வந்தவரின் பையிலும் படுக்கையிலும் என்றால் வீட்டில் நேர்ந்த மாற்றம். வீட்டுப் பூனைகள் ஒன்றையொன்று வழிமறிக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எங்கள் குறிப்பில் பத்துக்கு எட்டு, பின்கதவின் கண்ணாடியருகே. அயலிலுள்ள பூனை ஒன்று விடியற்காலையில் அங்கே வந்து உட்காரும். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஒளி மட்டும் புகும் தாளை ஒட்டினோம். உட்கார்ந்து பார்க்க, வேறு பக்கத்து யன்னலில் உயரமான தட்டு ஒன்று அமைத்தோம். முதல் வாரமே எண்ணிக்கை பாதியானது. முற்றாக நிற்க இரண்டு மாதம் பிடித்தது.

செய்ய வேண்டியவை

1. பீய்ச்சிய இடத்தை நொதியம் கலந்த துப்புரவுத் திரவத்தால் கழுவுங்கள். அமோனியா வேண்டாம், அதன் வாசனை மூத்திரத்தை ஒத்தது. பிளீச்சும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்து நச்சு வாயுவை எழுப்பும்.

2. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் பெட்டிகள், வெவ்வேறு இடங்களில். வாசனை சேர்க்காத மணல். தினமும் அள்ளிச் சுத்தம் செய்வது.

3. சாப்பாடு, தண்ணீர், ஒளியிடம் ஆகியவற்றையும் பரவலாக வையுங்கள். உணவும் விளையாட்டும் நேரம் தவறாமல் இருக்கட்டும்.

4. பூனை கன்னத்தை உரசிய இடத்தில் பெரும்பாலும் பீய்ச்சாது. அந்தக் கன்ன மணத்தைச் செயற்கையாகச் செய்து, மின்செருகியில் பொருத்திப் பரப்பும் குப்பியாக விற்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் வரும். சில பூனைகளுக்கு நன்றாக உதவும், சிலவற்றுக்கு உதவாது.

5. இவ்வளவுக்கும் மசியாவிட்டால் மருந்து உண்டு. மனிதருக்குத் தரும் ஃபுளுவொக்செட்டின் பூனைகளின் பீய்ச்சலைக் கணிசமாகக் குறைப்பதை 2001இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் காட்டினார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அளவை மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் பழக்கம் திரும்புவதும் உண்டு.

அந்தக் கொப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். வீடு மாறும்போதோ, குழந்தை பிறக்கும்போதோ, விருந்தினர் வந்து ஒரு மாதம் தங்கும்போதோ பூனை மறுபடி தொடங்கலாம். எது அதைப் பயமுறுத்தும், எது ஆற்றும் என்று உங்கள் பூனையைப் பற்றி அதில் எழுதியிருப்பது வேறெந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.