ஹென்றி மொலைசன்

ஹென்றி குஸ்டாவ் மொலைசன் (பெப்ரவரி 26, 1926 – டிசம்பர் 2, 2008) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்தவர். கால்-கை வலிப்பைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட மூளை அறுவைக்குப் பின், புதிய நினைவுகளை உருவாக்கும் திறனை இழந்தார். நினைவாற்றல் குறித்த ஆய்வுகளுக்கு இவருடைய நிலை அடிப்படையாக அமைந்தது. இவர் இறக்கும் வரை, ஆய்வுக் கட்டுரைகளில் எச். எம். என்றே குறிக்கப்பட்டார்.

நோயும் அறுவையும்

சிறுவயதில் தொடங்கிய வலிப்பு, பதின்ம வயதில் கடுமையானது. மருந்துகளுக்குக் கட்டுப்படாததால் வேலை பார்ப்பதும் இயலாமற் போனது. 1953 ஆம் ஆண்டில் ஹார்ட்ஃபோர்டு நகரில், நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில், இவருடைய மூளையின் இருபுறமும் பொட்டுமடலின் உட்பகுதியை அகற்றினார். ஹிப்போகாம்பஸின் முற்பகுதி, அமிக்டலா, என்டோரைனல் புறணி ஆகியவை இதில் அடங்கும். வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் முற்றிலும் நீங்கவில்லை.

நினைவிழப்பின் தன்மை

அறுவைக்குப் பின் சந்தித்தவர்களையும் நடந்த நிகழ்வுகளையும் மொலைசன் சில நிமிடங்களில் மறந்துவிடுவார். எனினும் அவருடைய அறிவுத்திறன் குன்றவில்லை. இளமைக்கால நினைவுகள் பல எஞ்சியிருந்தன. இந்நிலையை ஸ்கோவில், உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஆகியோர் 1957 இல் வெளியிட்டனர்.

கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து விண்மீன் வடிவத்தை வரையும் பயிற்சியை மில்னர் அவருக்கு அளித்தார். நாளுக்கு நாள் பிழைகள் குறைந்தன. ஆயினும், முன்னர் அதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நிகழ்வுகளின் நினைவும் கைத்திறனின் நினைவும் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என்பது இதனால் தெளிவாயிற்று.

மூளைத் தொடர்புகள்

1990களில் எடுக்கப்பட்ட காந்த ஒத்ததிர்வுப் படங்களில், ஹிப்போகாம்பஸின் பிற்பகுதி எஞ்சியிருப்பது தெரிந்தது. ஆனால் மூளைப் புறணியின் பல பகுதிகளிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் என்டோரைனல் புறணி வழியாகவே ஹிப்போகாம்பஸை அடைகின்றன. அவ்வாயில் அகற்றப்பட்டதால், எஞ்சிய பகுதி நினைவாக்கத்திற்குப் பயன்படவில்லை எனக் கருதப்படுகின்றது.

பொட்டுமடல் வலிப்பு பெரும்பாலும் தோன்றுவதும் இப்பகுதியிலேயே ஆகும். எனவே அறுவை செய்துகொள்ளாத நோயாளிகளுக்கும் நினைவுக் குறைபாடு ஏற்படுவதுண்டு.

தாக்கம்

மொலைசனுக்கு நேர்ந்ததை அறிந்தபின், இருபுறமும் அகற்றும் அறுவை கைவிடப்பட்டது. இன்று பொதுவாக ஒருபுறம் மட்டுமே அகற்றப்படுகின்றது. அதற்கு முன் நோயாளியின் நினைவாற்றல் சோதிக்கப்படுகின்றது.

மொலைசனின் மூளை 2009 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு, ஆய்வுக்காகப் பாதுகாக்கப்பட்டது.