பெயரும் சான்றும்

கோலாசிலாங்கூரில், சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கு அருகே ஒரு சிறு குன்று நிற்கின்றது. இன்று அதனை மெலாவாத்தி குன்று என்பர். 1784ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் படையெடுத்து வந்து அதனைக் கைப்பற்றினர். பத்தாவியாவில் இருந்த தங்கள் தலைமை ஆளுநர் அல்டிங்கின் பெயரை அங்கிருந்த கோட்டைக்குச் சூட்டி, ‘அல்டிங்ஸ்பர்க்’ என்றழைத்தனர். மறு ஆண்டிலேயே சுல்தான் இப்ராகிம் கோட்டையை மீட்டார். ஒல்லாந்தர் ஏடுகளில் இப்போர் ஒரு வகையாகக் காட்சி தருகின்றது. இராஜா அலி ஹாஜி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாய் மொழியில் யாத்த ‘துஃபாத் அல்-நாஃபிஸ்’ என்னும் வரலாற்று நூலில் வேறு வகையாகக் காட்சி தருகின்றது. ஓர் இடத்தை எப்பெயரால் அழைப்பது, அதன் கதையை யார் சொல்லக் கேட்டு எழுதுவது என்னும் இரு வினாக்களும் வரலாறு எழுதப் புகுவோர் அனைவரையும் எதிர்கொள்வன. கலைக்களஞ்சியம் தொகுப்போரை இவை நாள்தோறும் எதிர்கொள்கின்றன.

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி நூறாண்டைக் கடந்தது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இவற்றில் எல்லாம், எச்சொல்லைத் தலைப்பாக இடுவது, எச்செய்தியை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்று முடிவு செய்தவர்கள் தொகுப்பாசிரியர்களே. அவர்கள் கல்வியின்மேல் வைத்த நம்பிக்கையே படிப்போருக்குச் சான்றாக இருந்தது.

2001ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் 2003ஆம் ஆண்டில் தமிழிலும் இணையத்தில் தோன்றிய விக்கிப்பீடியா இம்முறையை அடியோடு மாற்றியது. அங்கே எவரும் எழுதலாம். எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம். ஒவ்வொரு கட்டுரையின் பின்னேயும் அதன் திருத்த வரலாறும், கருத்து வேறுபாடுகளை வாதிடுவதற்குரிய பேச்சுப் பக்கமும் உண்டு. எல்லாருக்கும் பொதுவான செய்திகளைக் கலந்து பேசும் இடத்திற்குத் தமிழ் விக்கிப்பீடியர் சூட்டிய பெயர் ‘ஆலமரத்தடி’. ஊர்ப் பொதுவில் வழக்குரைக்கும் பழந்தமிழ் மரபை நினைந்து வைத்த பொருத்தமான பெயர் அது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது.

எழுதியவர் இன்னார் என்னும் மதிப்பு அங்கே செல்லாது; ஆதலால், எழுதிய செய்திக்குச் சான்று காட்ட வேண்டும் என்பது தலையாய விதியாயிற்று. இவ்விதியின் அருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 2005இல் நடந்தது. ஜான் சீகன்தாலர் என்னும் அமெரிக்க இதழாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி, யாரோ ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் பொய்யுரை எழுதினார். அது மாதக்கணக்கில் திருத்தப்படாமல் கிடந்தது. சீகன்தாலரே அதனைக் கண்டித்து எழுதிய பின்னர், பதிவு செய்யாதவர்கள் ஆங்கிலப் பதிப்பில் புதுக்கட்டுரை தொடங்குவது அவ்வாண்டு டிசம்பரில் தடுக்கப்பட்டது. வாழ்வோரைப் பற்றி எழுதும் விதிகளும் இறுகின. ‘சான்று தேவை’ என்னும் இரு சொற்கள், கற்றார் கல்லார் என்ற வேறுபாடின்றி எவர் எழுத்தின்மேலும் விழக்கூடியவை.

பெயர்ச் சிக்கல் இதனினும் சூடானது. போலந்து நாட்டின் பால்டிக் கடற்கரையிலுள்ள துறைமுக நகரம் ஒன்றினைப் போலந்தியர் ‘கிதான்ஸ்க்’ என்பர். செருமானியர் ‘டான்சிக்’ என்பர். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் ஒரு பெயரை எழுத, மற்றவர் அதனை அழித்து மறுபெயரை எழுத, போராட்டம் நெடுங்காலம் நீடித்தது. 2005இல் வாக்கெடுப்பு நடத்தி, 1308 முதல் 1945 வரையுள்ள காலத்தைப் பற்றி எழுதும்போது டான்சிக் என்றும், ஏனைய காலங்களுக்குக் கிதான்ஸ்க் என்றும் எழுத வேண்டுமென முடிவு கண்டனர். எந்தப் பெயர் உண்மையானது என்று கேட்டிருந்தால் அவ்வழக்கு இன்றும் முடிந்திராது. எக்காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டதனாலேயே அதற்கொரு வழி பிறந்தது.

தமிழ் விக்கிப்பீடியாவின் பெயர் வழக்குகளில் நாட்டுப்பற்றினும் எழுத்துப்பற்றே மிகுதி. கனடா நாட்டு நகரம் ஒன்றினை ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என எழுதுவர். தமிழ்நாட்டார் ‘டொராண்டோ’ என எழுதுவர். இரண்டும் தமிழே, இரண்டும் அவரவர் நாட்டில் நிலைபெற்ற வழக்கே. ஜப்பானைச் ‘சப்பான்’ என எழுதலாமா என்பது மற்றொரு வழக்கு. வடசொல்லின் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுமாறு தொல்காப்பியர் வகுத்த நெறியை ஒரு சாரார் எடுத்துக்காட்டினர். மக்கள் நாவிலும் ஏட்டிலும் பயின்ற வடிவத்தை மாற்றினால் தேடி வருவோர் திகைப்பர் என்று மறுசாரார் வாதிட்டனர். ஒரு தலைப்பைத் தேடியவரை மறுதலைப்புக்கு இட்டுச் செல்லும் ‘வழிமாற்று’ என்னும் ஏற்பாடு, இவ்வழக்குகளின் கடுமையைத் தணித்தது எனலாம்.

இவ்வழக்குகள் எங்கோ தொலைவில் நடப்பன அல்ல. வட சிலாங்கூரின் ஊர்ப்பெயர்களை எழுதத் தொடங்கும் எவரும் முதல் வரியிலேயே இவற்றைச் சந்திக்கின்றனர். கோலாசிலாங்கூர் என்பதா, குவாலா சிலாங்கூர் என்பதா? மலாய் மொழியின் எழுத்துமுறை 1972இல் சீர்திருத்தம் பெற்றது. அதன்பின் ‘தஞ்சோங்’ என்பது ‘தஞ்சுங்’ ஆயிற்று. ‘உலு’ என்பது ‘ஹுலு’ ஆயிற்று. தமிழரின் பேச்சிலோ தஞ்சோங் காராங்கும் உலு சிலாங்கூரும் மாறாமல் வழங்கின. பத்தாங் பெர்ஜுந்தை என்று தலைமுறைகள் அறிந்திருந்த ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அவ்வூர் பத்தாங் பெர்ஜுந்தையே. இன்றைய ஊரைப் பற்றிய கட்டுரைக்குப் பெஸ்தாரி ஜெயா என்பதே தலைப்பாதல் முறை. ஆயினும், 1950களின் தோட்ட வாழ்க்கையை எழுதுபவர் பெஸ்தாரி ஜெயாவில் நடந்தது என்று மட்டும் எழுதிவிட்டால், அக்காலத்து ஏடு எதனைப் புரட்டினாலும் அப்பெயர் கிடைக்காது. கிதான்ஸ்க் வழக்கு கற்பித்த பாடம் இங்கும் பொருந்துகின்றது.

அவ்வூரை அடுத்துள்ள தோட்டம் ஒன்றில் பெயரும் சான்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம். தென்னமரம் தோட்டம் என்பது அதன் பெயர். ஆன்ரி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூரில் தோட்டக்காரரானார். சுமத்திராவின் டெலிப் பகுதியிலிருந்து பெற்ற செம்பனை விதைகளை முதலில் ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டுப் பார்த்த அவர், 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நடுவித்தார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. பின்னர் அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. ஆகவே அவர் பெயருக்குச் சான்று ஏராளம். நாட்டின் செம்பனை வரலாற்றை எழுதும் எவரும் அவரையும் அத்தோட்டத்தையும் குறிப்பிடாமல் கடப்பதில்லை.

ஆனால் அத்தோட்டத்தின் பெயரைப் பாருங்கள். செம்பனையின் தாயகமாகிய தோட்டத்திற்குத் தென்னையின் பெயர்! தமிழ்ச்செவிக்கு அது பேச்சு வழக்கிலுள்ள ‘தென்னமரம்’ என்று கேட்ட அளவிலேயே விளங்கும், உரை வேண்டுவதில்லை. உரோமன் எழுத்தில் அச்சிட்ட ஆவணங்களிலோ அப்பெயர் இருவகையாகக் காணப்படுகின்றது. சிலவற்றில் ஈற்றெழுத்து மகரம். வேறு சிலவற்றில் னகரம். ‘தென்னமரான்’ என்று படிப்பவருக்கு அஃது ஏதோ ஓர் இடத்தின் பொருளற்ற பெயராகத் தோன்றும். ஓர் எழுத்துப் பிறழ்ந்ததும் பெயருக்குள் நின்ற மரம் மறைந்துவிடுகின்றது. மரத்தோடு, அப்பெயரைத் தம் மொழியில் வழங்கிய மக்களும் மறைந்துவிடுகின்றனர்.

‘இது தமிழ்ப்பெயர்’ என்று கலைக்களஞ்சியத்தில் ஒருவர் எழுதினால், ‘சான்று தேவை’ என்று மற்றொருவர் குறியிடுவதற்கு முழு உரிமை உண்டு. செவியுணர்வு சான்றாகாது. சொந்தமாக ஆய்ந்து கண்ட முடிவுகளை அங்கே முதன்முதலாக வெளியிடுதலும் விதிக்கு முரண். அச்சில் வந்த நம்பத்தக்க நூலோ இதழோ அதனைச் சொல்லியிருத்தல் வேண்டும். இவ்விதி கொடியதன்று, சீகன்தாலருக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராமல் காப்பது இவ்விதியே. ஆயினும், அச்சேறும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒப்ப அமைந்ததில்லை என்பதை மறத்தல் ஆகாது. தோட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கை அச்சேறியது. துரைமாரின் நினைவுக் குறிப்புகள் அச்சேறின. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நின்றவர்களின் கதை நாவிலேயே நின்றுவிட்டது. ஒருவர் மறைந்தால் அவரோடு ஓர் ஏட்டுக்கட்டு எரிந்ததாகவே கொள்ள வேண்டும்.

இக்குறையைப் பிற மொழியினரும் உணர்ந்துள்ளனர். அச்சல் பிரபலா என்பவரின் முன்முயற்சியில் 2011இல் ஒரு சோதனை நடந்தது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில், அச்சு நூல்களில் இடம்பெறாத ஊர் வழக்கங்களை அறிந்தவர்களிடம் நேரிற் கேட்டு, குரலைப் பதிவு செய்து, அப்பதிவையே சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதினர். சிலர் வரவேற்றனர், சொல்பவரின் கூற்றை எவ்வாறு ஒத்துப் பார்ப்பது என்று சிலர் தடை எழுப்பினர். வாய்மொழி தானே முழுச்சான்றாகும் என்று அச்சோதனை நிலைநாட்டிவிடவில்லை. வாய்மொழியையும் நாள், இடம், சொன்னவர், கேட்டவர் என்னும் விவரங்களோடு பதிந்து வைத்தால்தான் அதனை எடைபோடவேனும் இயலும் என்பதை அது தெளிவாக்கியது.

வட சிலாங்கூரின் தோட்டப்புறங்கள் வேகமாக மாறிவிட்டன. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துண்டாடலால் வேலையிழந்தோரைக் காக்கும் நோக்கோடு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர், பால்மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனையும், செம்பனை நின்ற நிலத்தில் வீட்டுமனைகளும் வந்தன. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். ஆயினும் பல தோட்டங்களின் பெயர்கள் ஓரிடத்தில் மட்டும் அழியாமல் நிற்கின்றன. அவ்விடம் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை. புக்கிட் ரோத்தான், சுங்கை ரம்பை, ராஜா மூசா, ரிவர்சைட், கோல்பீல்ட்ஸ், நைஜல் கார்டனர், தென்னமரம் என்று அப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் பழைய சிலாங்கூரின் வரைபடம் கண்முன் விரிகின்றது.

பெயர்ப்பலகையோடு பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடுகளும் இருக்கின்றன. மாணவர் பெயர், தந்தை பெயர், தந்தையின் தொழில், எத்தோட்டத்தின் எப்பிரிவு என்னும் குறிப்புகள் அவற்றில் உண்டு. பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் திருப்பணி மலர்கள், தொழிற்சங்கக் கிளையின் கூட்டக் குறிப்புகள் முதலியன எல்லாம் வரலாற்றுச் சான்றுகளே. கறையான் அரிக்கும் முன் அவற்றைப் படியெடுத்து, ஆண்டு குறித்து, ஆசிரியர் ஒருவர் ஒரு சிறு நூலாக அச்சிட்டால், கலைக்களஞ்சியம் கேட்கும் சான்று அங்கே பிறக்கின்றது. முதியவர் ஒருவரிடம் மாணவர் கேட்டு எழுதிய கட்டுரை, பதிப்பாசிரியர் ஒருவரின் ஒப்புநோக்கலுக்குப் பின் மலரில் இடம்பெற்றால், அது நாளைய ஆய்வாளருக்கு மேற்கோளாகும். பழைய பதிவேட்டில் தோட்டத்தின் பெயர் தமிழெழுத்தில் ‘தென்னமரம்’ என்று ஒரு முறை எழுதப்பட்டிருந்தாலும் போதும். மகரமா னகரமா என்னும் வழக்கில் அப்பக்கம் சாட்சிக்கூண்டில் ஏறி நிற்கும்.

இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பு 1025இல் நிகழ்ந்தது. அப்போது வென்ற ஊர்களின் பெயர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையாகத் தருகின்றது. கடாரம் இன்றைய கெடா என்பது பெரும்பாலோர் ஏற்ற முடிபு. பண்ணை, மாப்பப்பாளம் முதலிய பெயர்கள் எவ்வூர்களைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்கள் இன்னும் மாறுபடுகின்றனர். மாறுபடுவதற்கேனும் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு கல் நிற்கின்றது. தோட்டத்துப் பெயர்களுக்கும் அவற்றைச் சொல்லி வாழ்ந்த மக்களுக்கும் அத்தகைய கல்லை நிறுத்தும் பொறுப்பு, பதிவேட்டின் சாவியைக் கையில் வைத்திருப்பவர்களையே சேரும்.