எலும்பு சேர்ந்துட்டு, வலி போகலையே!

குற்றாலத்தில் சாரல் காலம். பாசி பிடித்த பாறையில் கால் வழுக்கினால் உள்ளங்கையைத்தான் முதலில் ஊன்றுவோம். உடம்பின் பாரம் மொத்தமும் மணிக்கட்டில் இறங்கும். ஐந்தருவியில் விழுந்தாலும் வீட்டுக் குளியலறையில் விழுந்தாலும் இதே கதைதான். அறுபது தாண்டிய பெண்களுக்கு எலும்பும் வலுக்குறைந்திருப்பதால் சட்டென்று முறிந்துவிடும்.

அப்படி விழுந்தவர்கள் சிலர், ஆறு மாதம் கழித்தும், "எலும்பு சேர்ந்துட்டுன்னு சொல்லிட்டாக, ஆனா குடத்தைத் தூக்க முடியலையே" என்பார்கள். எக்ஸ்ரே படத்தில் ஒரு குறையும் தெரியாது. "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் பேச்சை முடித்துவிடுவார்கள். இப்படி வலி தங்கிவிடுவதற்கு ஒரு முக்கியமான காரணம் தெளிவாகத் தெரிய மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆயின.

1814-இல் டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவைப் பற்றி எழுதினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். எக்ஸ்ரே இல்லாத காலம். கையால் தடவிப் பார்த்தே கண்டறிந்தார். கை கோணலாக நின்றுவிட்டாலும் நாளடைவில் நன்றாக அசையும், வலியும் இராது என்று ஆறுதலும் சொன்னார். பலருக்கு அது பலித்தது. பலிக்காதவர்களுக்கு விளக்கம்தான் இல்லை.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது. ஆனால் மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிகமெண்ட் என்கிற இணைப்பு நார் அதில் தெரியாது. நம் ஊர் வைத்தியரின் மூங்கில் தப்பைக் கட்டும் சரி, ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் சரி, எலும்பைத்தான் நேராக்கின.

வழி பிறந்தது ஜப்பானில், அதுவும் முழங்காலுக்காக. அவர்களும் நம்மைப் போலத் தரையில் உட்காருகிறவர்கள். காசநோய் வந்து முழங்கால் மடங்காமல் போனால் அன்றாட வாழ்க்கையே சிரமம். நோயை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918-இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கிற குழாயை எடுத்து, இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். பின்னால் அவர் செய்த கருவி 7.3 மில்லிமீட்டர் தடிமன். மணிக்கட்டுக்குள் அது எங்கே நுழையும்? அவருடைய மாணவர் மசாகி வதனாபே 1970-இல் 1.7 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். 1979-இல் சென் என்ற மருத்துவர் மணிக்கட்டுக்குள் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார்.

1996-இல் அமெரிக்காவில் வில்லியம் கைஸ்லரும் உடனிருந்தவர்களும், முறிவு மூட்டுக்குள் வரை ஓடிய 60 பேரின் மணிக்கட்டுகளை இப்படிப் பார்த்தார்கள். 41 பேருக்கு உள்ளே நாரோ குருத்தெலும்போ கிழிந்திருந்தது. காலிஸின் ஆறுதல் ஏன் சிலருக்குப் பொய்த்தது என்பதற்கு இதைவிட நல்ல பதில் நான் படித்ததில்லை.

செய்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். விரல்களில் வலைக்கூடு மாதிரி ஒன்றை மாட்டிக் கையைத் தொங்கவிட்டு மூட்டை லேசாக அகட்டுவார்கள். புறங்கைப் பக்கம் இரண்டு மூன்று சிறு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றொன்றில் கருவி. எலும்புத் துண்டுகள் மட்டமாகச் சேர்ந்தனவா என்று திரையில் பார்த்தபடியே மெல்லிய கம்பி செலுத்தி நிறுத்துவார்கள். கிழிந்த நாரையும் அப்போதே கவனிக்கலாம்.

தமிழ்நாட்டில் கை அறுவைக்கு நல்ல பரம்பரை உண்டு. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். சென்னை ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு துறையை வளர்த்தார். இன்று கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் இதில் பேர் பெற்றது.

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. பலருக்கு மாவுக்கட்டே போதும். ஆனால் துணி பிழியும்போதும் சாவி திருப்பும்போதும் சுண்டுவிரல் பக்கம் சுருக்கென்றால், அல்லது புறங்கை நடுவில் வலி நின்றால், நார் கிழிந்திருக்குமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். முதல் சில வாரங்களுக்குள் தெரிந்தால் சரிசெய்வது சுலபம். மாதங்கள் கடந்தால் கிழிந்த நார் சுருங்கிப்போய்த் தைக்க வராது.