கருடனும் கோழித்தோலும்

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாமி அறையில் நான் எடுத்த படம் ஒன்று சில மாதங்கள் மாட்டப்பட்டிருந்தது. செம்பருந்து ஒன்று ஆற்று நீரைக் கால் நகத்தால் கீறிக்கொண்டு மேலெழும் படம். நம் ஊரில் கும்பாபிஷேகம் நடக்கும்போது பாருங்கள், கலசத்துக்கு நீர் ஊற்றும் நேரத்தில் பாதிக் கூட்டம் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கருடன் வந்து வட்டமிட்டால்தான் மனசு நிறையும். அந்தக் கருடனே மகனுடைய கேமராவுக்குள் வந்து இறங்கிவிட்டதாக அம்மா நினைத்தார். "எல்லாருக்கும் கிடைக்காதுப்பா இந்தத் தரிசனம்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார்.

நான் அம்மாவிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. கோலசிலாங்கூரில் மின்மினி பார்க்கப் போகும் படகுகளில், இருட்டுவதற்கு முன்பு பருந்துகளுக்குக் கோழித்தோல் வீசுவார்கள். பருந்துகள் கூட்டமாக இறங்கும். நான் அப்படியொரு படகில் உட்கார்ந்து நானூறு முறைக்கு மேல் கிளிக் செய்தேன். தேறியது ஒன்று. நகத்துக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்த தோலை வெட்டிவிட்டு, 'வேட்டை' என்று ஒரே ஒரு சொல் எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டேன். வந்த பாராட்டுகளில் பாதி, என் பொறுமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும்.

அந்தப் பாராட்டுதான் உறுத்தியது. பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் உட்கார்ந்து, வேட்டை விலங்குகளைப் படமெடுத்தவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, பிரிட்டிஷ் இந்தியாவின் ஐக்கிய மாகாணக் காடுகளில் வேலை பார்த்தவர். துரைமார்கள் செத்த புலியின்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சாம்பியன் புலி நடமாடும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டி, அதைக் கேமராவோடும் ஃபிளாஷோடும் இணைத்தார். புலியின் கால் கம்பியில் பட்டால் வெளிச்சம் வெடிக்கும், படம் பதிவாகும். 1927ல் வந்த அவருடைய புத்தகம் உயிருள்ள காட்டுப் புலியை இரவில் காட்டியது. ஆனால் கண்ணுக்கு நேரே வெடிக்கும் அந்த வெளிச்சம் புலிக்கு எப்படி இருந்திருக்கும்? துப்பாக்கியோடு ஒப்பிட்டால் பெரிய கருணைதான். அதற்காகத் தொந்தரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தவர் நம் ஊர்க்காரர். ஜாலான் லோக் இயூ வழியாகப் போகாத கோலாலம்பூர்வாசி இருக்க முடியாது. அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த ஈயச் சுரங்க அதிபரின் மகன் லோக் வான் தோ, 1915ல் கோலாலம்பூரில் பிறந்தவர். கேத்தே சினிமா நிறுவனத்தை வளர்த்தவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். பறவைப் படக்காரர் என்பது எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

1942ல் ஜப்பானியர்கள் நெருங்கியபோது அவர் சிங்கப்பூரிலிருந்து தப்பிய கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. கடுமையான தீக்காயம், சில காலம் பார்வையும் போயிருந்தது. பிழைத்து இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கே பறவையியலாளர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது, இருவரும் சேர்ந்து பல பயணங்கள் போனார்கள். பார்வை திரும்பாமல் போயிருந்தால் 1957ல் வந்த அவருடைய 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' என்ற புத்தகம் இல்லை. அதிர்ஷ்டம் என்ற சொல்லை நான் பயன்படுத்தியதற்கும் அவர் வாழ்க்கையில் அது நடந்ததற்கும் எவ்வளவு தூரம்!

வெண்வயிற்றுக் கடற்கழுகைப் படமெடுக்க, மரத்தின் உச்சியில் இருந்த கூட்டுக்கு இணையாகக் கோபுரம் எழுப்பி, மறைவில் உட்கார்ந்து காத்திருந்தவர் லோக். கழுகு வேட்டையாடும் கணத்தைத் தேடி அவர் கடலில் அலையவில்லை. குஞ்சுக்கு இரை கொண்டுவர அது கூட்டுக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்? அங்கே காத்திருந்தார். இன்றைக்கு இதையும் கேள்வி கேட்போம். கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தாய்ப்பறவை முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் போகக்கூடும் என்பதால், கூட்டுப் படங்களையே பல பறவை அமைப்புகள் இப்போது ஊக்குவிப்பதில்லை. லோக் காலத்தில் அது திறமையின் அடையாளம். ஆனால் ஒன்று: அவருடைய படத்துக்குப் பின்னால் கோபுரம் இருந்தது என்பது நமக்குத் தெரியும்.

மூன்றாமவர் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். காட்டில் நடந்தும் வளர்ப்பு யானையின் முதுகிலிருந்தும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். கையிலிருந்த பாகங்களை ஒட்டவைத்துத் தானே ஒரு கேமரா உருவாக்கிக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டெரோசா'. பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த ஒட்டுக் கேமராமேல் தனிப் பாசம். அவர் படங்களில் பாய்ச்சலும் ரத்தமும் முதன்மை இல்லை. யானை நிற்கும், மான் மேயும். காட்டில் பெரும்பாலான நேரம் நடப்பது அதுதானே. புலி துரத்தும் வேட்டைகளில் பெரும்பகுதி தோல்வியில் முடிகிறது. வெற்றியை மட்டும் பார்த்துப் பழகிய நமக்குக் காடு ஓயாத கொலைக்களம் மாதிரித் தெரிகிறது.

அந்தப் பசிதான் ஏற்பாடு செய்யத் தூண்டுகிறது. 2009ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நடக்கும் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில், இரவில் வேலியின் மரக்கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்ப் படம் முதல் பரிசு வென்றது. இரை தேடி வரும் ஓநாய், அற்புதமான கணம். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். படத்தில் ஒரு புள்ளி மாறவில்லை. ஆனாலும் அது வேறு படமாகிவிட்டது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இரை போடுவதில் இரண்டு தவறு இருக்கலாம். ஒன்று பறவைக்குச் செய்வது: மீனும் நண்டும் தேடித் தின்னும் பறவையைப் படகுச் சத்தத்துக்கும் கொழுப்புத் தோலுக்கும் பழக்குவது. இன்னொன்று பார்ப்பவருக்குச் செய்வது. வேட்டைப் படத்தைப் பார்க்கிறவர், 'இது தற்செயலாக நடந்தது, இவன் அங்கே இருந்தான்' என்று நம்பித்தான் வியக்கிறார். நான் அந்த நம்பிக்கையைக் கோழித்தோல் விலைக்கு வாங்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கேடிஎம் ரயிலில் கிள்ளான் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"கோழித்தோலா?" என்றார். அன்றைக்கு அம்மா சைவம் வேறு. எழுந்து போய்ப் படத்தைச் சாமி அறையிலிருந்து கழற்றினார். தூக்கிப் போடப் போகிறார் என்று நினைத்தேன். ஹாலில் என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"கருடன் என்னப்பா பண்ணும், போட்டதைத் தின்னுச்சு. வேட்டைன்னு எழுதுனது நீதானே" என்றார்.

அன்றிரவே படத்துக்குக் கீழே மாற்றி எழுதினேன்: 'கோலசிலாங்கூர். படகிலிருந்து வீசிய கோழித்தோலை எடுக்கும் செம்பருந்து.' வெட்டாத படத்தையும் சேர்த்துப் போட்டேன். போன மாதம் மறுபடியும் கோலசிலாங்கூர் போனேன். படகு ஏறவில்லை. அலையாத்திக் காட்டு ஓரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உயரத்தில் ஒரு செம்பருந்து சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசிவரை இறங்கவில்லை. கொசுக்கடியோடு திரும்பினேன்.