நடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தேயிலைக் கிளையை வெட்டி நாற்றங்காலில் வேர்பிடிக்கச் செய்வதை மரபணு மாற்றம் என எண்ணுவோர் உளர். அது தவறு. அவ்வாறு வளரும் கன்று தாய்ச்செடியின் நகலே. மரபணு மாற்றமோ ஆய்வுக்கூடத்தில், பெரும்பாலும் வேறோர் உயிரின் மரபணுவைச் செடிக்குள் புகுத்துவதாகும்.

இதற்குக் கத்தரிக்காய் நல்ல சான்று. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, காய்த்துளைப்பான் புழுவை எதிர்க்கும் பி.டி. கத்தரி இந்தியாவில் உருவாக்கப்பட்டது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அப்பணியில் பங்கேற்றது. 2009 அக்டோபரில் அரசின் வல்லுநர் குழு இசைவளித்தது. ஆயினும் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டறிந்து, 2010 பிப்ரவரி 9-இல் அதனை நிறுத்திவைத்தார். வங்காளதேசமோ 2013-இல் அதற்கு இசைவளித்தது.

நம் நாட்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு, 2009 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றிய உயிரியை வெளியில் விடுமுன் தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். பொதுமக்கள் கருத்தும் கேட்கப்படும்.

மலேசியத் தோட்டங்களில் நம் தாய்மார்கள் தெளித்த பாரகுவாட் களைக்கொல்லி 2002-இல் தடைசெய்யப்பட்டு, 2006-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020-இல்தான் முற்றாக விலக்கப்பட்டது. அங்கே கேள்வி பிந்தி எழுந்தது. கத்தரியில் முந்தி எழுந்தது. கண்மூடி அஞ்சுதலும் கண்மூடி ஏற்றலும் கல்வியாகா. 'யார் சோதித்தார்? எத்தனை காலம்?' என உரிய வேளையில் கேட்க நம் மாணவர்க்குக் கற்பிப்போம்.